18,500 ரூபாவுக்குக் கறுப்புத் தூள்

நேற்று போஞ்சிச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன்.

இராகலைப் பக்கம் அரை ஏக்கரில் மரக்கறி செய்கிறேன். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது பட்ட பாடு மறக்காததால், யூரியாவைக் குறைக்க ரைசோபியம் (வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா) தேடினேன். டவுனில் ஒரு விவசாய மருந்துக் கடை. முதலாளி எங்கிருந்தோ ஒரு போஞ்சிச் செடியைக் கொண்டுவந்து, வேர் முடிச்சை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு. "பாத்தீங்களா தம்பி, சிவப்பா இருந்தா உள்ள பாக்டீரியா வேலை செய்யுதுனு அர்த்தம். காத்துல இருக்க நைட்ரஜனைப் புடிச்சு செடிக்குக் குடுக்கும்." அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அதுதான் கொடுமை. அந்தச் சிவப்பில் விழுந்துவிட்டேன். அந்தப் பாக்டீரியா கலந்த கறுப்புத் தூள் பக்கெட்டுகள் தகரக் கூரைக்குக் கீழே மேல்தட்டில் வெந்துகொண்டிருந்தன. பார்த்தும் கேட்கவில்லை.

ஐந்து பக்கெட் 17,500. விதையில் ஒட்ட வைக்க ஒரு போத்தல் திரவம் 1,000 (கஞ்சித் தண்ணீர் போதுமாம், பிறகுதான் தெரிந்தது). மொத்தம் 18,500 ரூபா, அம்மாவின் சீட்டுக் காசு. பில் கேட்டதற்கு, "நமக்குள்ள எதுக்கு பில்லு?"

நிழலில் விதையைக் கலந்து, உலர்த்தி, அன்றைக்கே போட்டேன். ஐந்து வாரத்தில் இலையெல்லாம் மஞ்சள். வேரில் கடுகளவு நாலைந்து முடிச்சு, கீறினால் வெள்ளை. வெறும் பக்கெட்டின் ஸ்டிக்கரைச் சுரண்டினேன். அடியில் போன வருடத்துக் காலாவதித் திகதி. அதற்கும் கீழே 'சோயா'! சோயா வேருக்கான பாக்டீரியா வேறு, போஞ்சிக்கானது வேறு.

கடைக்குப் போனால் முதலில் "மண்ணு புளிப்பு" என்றார். புளிப்பைக் குறைக்க டொலமைட் போட்டிருக்கிறேன் என்றேன். "அப்ப யூரியாவை அள்ளிக் கொட்டியிருப்பீங்க." இல்லை என்றதும், "கம்பனிக்காரனைக் கேளுங்க." கம்பனி நம்பர் வேலை செய்யவில்லை. இன்று காலை போன் எடுத்த மகன், அப்பா கொழும்புக்குப் போய்விட்டார் என்கிறான். பின்னால் அவர் யாருக்கோ மருந்து விலை சொல்வது கேட்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. குளிரில் வைக்காத பக்கெட்டைத் தொடாதீர்கள். ஸ்டிக்கரைச் சுரண்டுங்கள். எந்தப் பயிருக்கு என்று பாருங்கள். பூஞ்சை மருந்து தடவிய விதையில் கலக்காதீர்கள். பில் இல்லாமல் நகராதீர்கள்.

18,500 ரூபா! இப்போது செடியைக் காப்பாற்ற யூரியா வேண்டும். எங்களுக்கு அதைக் கடனுக்குத் தருகிற ஒரே கடையும் அதுதான்.