டென்ஷனுக்கு மூச்சுப் பயிற்சி: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தது

சில வருடங்களாக மூச்சுப் பயிற்சி செய்து வருகிறேன். டென்ஷன் குறையுமா என்று யாராவது கேட்டால், உடம்பின் படபடப்பு குறையும், அதைக் கிளப்பிவிட்ட பிரச்சினை குறையாது என்பேன். வேலையில் கெடு நெருங்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது அடங்குகிறது. கெடு என்னவோ அதே தேதியில்தான் இருக்கிறது.

பலரும் சொல்கிறார்களே என்று பெட்டி மூச்சில் ஆரம்பித்தேன். இழுக்க 4 எண்ணிக்கை, நிறுத்த 4, விட 4, மறுபடி நிறுத்த 4. எண்ணுவதில் கவனம் போவது நல்லதுதான். ஆனால் படபடப்பு ஏறியிருக்கும் நேரத்தில் மூச்சை நிறுத்தினால் எனக்குத் திணறல்தான் வந்தது. 4-7-8 முறையில் (4 எண்ணி இழுத்து, 7 நிறுத்தி, 8 விடுவது) 7 வரை அடக்க வேண்டும், அது இன்னும் கஷ்டம்.

நிலைத்தது எளிமையான முறை: மூக்கு வழியாக 4 நொடி இழுப்பது, 6 நொடி மெல்ல விடுவது. நடுவில் நிறுத்தம் கிடையாது. கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு 6 மூச்சு. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமாக 12 முதல் 20 வரை இருக்கும். இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடும். விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு அதைத் தணிக்கும். விடுகிற நேரத்தை நீட்டுவது அதற்காகத்தான். நாடியில் விரல் வைத்தாலே பலருக்கு இது தெரியும், ஆப் எல்லாம் தேவையில்லை. (ஓர் ஆப் வைத்திருந்தேன். ‘இன்று பயிற்சியைத் தவறவிட்டீர்கள்’ என்று அது நினைவூட்டுவதே தனி டென்ஷன்.)

‘நல்லா ஆழமா மூச்சு விடு’ என்ற அறிவுரையை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆழமாகவும் வேகமாகவும் இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். ஏற்கெனவே பயந்திருப்பவர் இன்னும் பயந்துபோவார். குறைவாக இழுத்து நிதானமாக விட்டாலே போதும்.

சட்டென்று தணிய வேண்டுமென்றால் இரட்டைப் பெருமூச்சு: மூக்கால் ஒருமுறை இழுத்து, அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் இழுத்து, வாயால் நீளமாக விடுவது. 2023-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்றில், இதை ஒரு மாதம் தினமும் 5 நிமிடம் செய்தவர்களுக்கு மனநிலை தியானம் செய்தவர்களைவிட அதிகம் மேம்பட்டிருந்தது. கூட்டத்துக்குள் நுழையும் முன் எனக்கு இதுதான் கைகொடுக்கிறது.

கோபம் தலைக்கேறிய பிறகு எந்த முறையும் பெரிதாக எடுபடுவதில்லை. சாதாரண நாட்களில் பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் ஞாபகமாவது வருகிறது. அப்புறம், மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இதோடு மல்லுக்கட்ட வேண்டாம், எழுந்து கொஞ்ச நேரம் நடக்கலாம். ஆஸ்துமா, இதயப் பிரச்சினை இருப்பவர்கள் மூச்சை அடக்கும் முறைகளைத் தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.