குட்டி கிறிஸ்துமஸ் வளையம்: சவுக்கா, பிளாஸ்டிக்கா?

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் வைக்க இடமிருக்காது. கதவிலோ ஜன்னலிலோ மாட்டும் நாலைந்து அங்குலப் பச்சை வளையம் ஒன்று போதும், வீட்டுக்குத் திருநாள் களை வந்துவிடும். கடையில் பிளாஸ்டிக் வளையம் வாங்குவதா, சவுக்குக் கொத்தில் நாமே கட்டுவதா என்பதுதான் பலருக்கும் குழப்பம்.

செலவு: சவுக்குக்குப் பழைய வளையலும் நூலும் போதும். பிளாஸ்டிக்குக்குக் காசு வேண்டும்.

வேலை: பிளாஸ்டிக்கை அப்படியே மாட்டலாம். சவுக்கைப் பொறுமையாகச் சுற்றிக் கட்ட வேண்டும். பிள்ளைகளோடு உட்கார்ந்தால் அதுவே சந்தோஷம்.

ஆயுள்: இங்கேதான் யோசிக்க வேண்டும். சவுக்கு சீக்கிரம் காய்ந்து உதிரும். டிசம்பர் தொடக்கத்திலேயே கட்டினால் 25-ஆம் தேதி பழுப்புதான் மிஞ்சும். 22, 23-இல் கட்டுங்கள். பிளாஸ்டிக் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை நிற்கும். அப்புறம் ஈரம் துடைத்து எடுத்து வைத்தால் அடுத்த வருடத்துக்கும் ஆகும்.

மெழுகுவர்த்தி பக்கத்தில் இரண்டுமே கூடாது. காய்ந்த சவுக்கு சட்டென்று பற்றும்.

மழைச்சாரல் படும் வாசல் கதவுக்கும், மாதம் முழுக்கத் தொங்க வேண்டிய இடத்துக்கும் பிளாஸ்டிக். குடிலுக்கு மேலே, ஜன்னல் கம்பியில், சாப்பாட்டு மேசையில் என்றால் என் ஓட்டு பச்சைச் சவுக்குக்குத்தான்.