ரப்பர் தோட்டத்து வீட்டிலிருந்து லாகின்: நாலு வருஷ அனுபவம்

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் வீடு. திருவனந்தபுரத்து அலுவலகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். பாஸ்வேர்டு போட்டால் மட்டும் உள்ளே விடமாட்டார்கள், போனும் சாட்சி சொல்ல வேண்டும்.

முதலில் எஸ்எம்எஸ் ஓடிபிதான். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் பிராட்பேண்ட் ஓடும், போன் சிக்னல் இல்லாமல் ஓடிபி வராது. போனோடு ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகைவரை ஓடி, வந்த எண்ணை முணுமுணுத்தபடி திரும்பினால் நேரம் முடிந்திருக்கும்.

அப்புறம் ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாறினோம். இதற்குச் சிக்னலே வேண்டாம். முதல் நாள் கியூஆர் ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி போனுக்குள் போய்விடுகிறது, அதே சாவி சர்வரிலும் உண்டு. இரண்டும் தனித்தனியே அந்தச் சாவியோடு அப்போதைய நேரத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, 30 நொடிக்கு ஒரு ஆறு இலக்க எண்ணை எடுக்கின்றன. போன் காட்டும் எண்ணை நான் போட, சர்வரின் எண்ணோடு ஒத்துப்போனால் உள்ளே விடும். அவ்வளவுதான் சங்கதி.

அந்த 'நேரம்' என்னைப் படுத்திய பாடு! ஒருநாள் எந்த எண்ணைப் போட்டாலும் தவறு என்றது. அரைநாள் வேலை போச்சு. கடைசியில் பார்த்தால் போன் மணி ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிறது. மகனின் ஸ்கூல் வேனைத் தவறவிடக் கூடாதென்று, சுவர்க் கடிகாரத்தில் செய்வதுபோல நானே தள்ளி வைத்தது. நேரத்தை ஆட்டோமேட்டிக்கில் விட்டதும் சரியாகிவிட்டது.

இடையில், லாகின் செய்வது நீங்கள்தானா என்று போனிலேயே 'ஆம், இல்லை' கேட்கும் நோட்டிஃபிகேஷனும் வந்தது. ஒரு ராத்திரி தொடர்ந்து நாலு தடவை கேட்டது. தூக்கக் கலக்கத்தில் 'ஆம்' அழுத்தப் பார்த்தேன். பாஸ்வேர்டைப் பிடித்த எவனோ ஒருத்தன்! கணினித் திரையில் தெரியும் எண்ணைப் போனில் தட்டச் சொல்லும் முறையை 2023 மே மாதத்திலிருந்து மைக்ரோசாஃப்ட் தன் ஆப்பில் கட்டாயமாக்கியது நல்ல காரியம்.

போன வருஷம் போன் ரப்பர் பால் வாளிக்குள் விழுந்தது. துடைக்கத் துடைக்க சார்ஜர் ஓட்டைக்குள் பால் உறைந்துகொண்டே போனது. சிம்மை வேறு போனில் போட்டேன், அழைப்பெல்லாம் வந்தது. ஆனால் சாவி சிம்மில் இல்லையே, செத்த போனில் அல்லவா இருந்தது! ஐடி ஆட்கள் ரீசெட் செய்து தர இரண்டு நாள் ஆனது.

இப்போது, போன் இல்லாவிட்டாலும் உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். போன வாரம் அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எந்தச் சீட்டுக் கணக்கு மக்களே?" என்று கேட்டாள்.