கழுத்து வளையமும் கால் விநாடியும்

விலை இறங்கியதும் "வாங்கலாமா?" என்று மறுபடி கேட்கிறார்கள். காது மந்தமானவர் டிவி கேட்க, டிவியில் ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர், அந்த ஒலியை வாங்கிக் காந்தப்புலமாக்கும் கழுத்து வளையம், அதைப் பிடிக்க ஹியரிங் எய்டுக்குள் டெலிகாயில் என்ற சிறு கம்பிச்சுருள்: இந்த செட்டைத்தான். தெளிவில் குறையே இல்லை. அறை இரைச்சல் விலகி, செய்தி வாசிப்பவர் காதருகே பேசுகிறார்.

ஆனால் உதடு முந்துகிறது, குரல் பிந்துகிறது. ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர்; சாதாரண எஸ்பிசி கோடெக்கில் 150 முதல் 250 மில்லி விநாடி வரை தாமதம் வரும். நன்றாகக் காது கேட்பவர் சகித்துக்கொள்வார். உதட்டைப் பார்த்துச் சொல்லைப் பிடிப்பவர் பாடு திண்டாட்டம். 'பாடம்', 'மாடம்' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். பிரித்துக் காட்டுவது ஒலி. அது பிந்தி வந்தால் அடுத்த அசைவோடு ஒட்டிக்கொள்கிறது. கொஞ்ச நேரத்திலேயே தலை கனத்துவிடும்.

தாமதம் குறைந்த ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி (எல்எல்) கோடெக் டிரான்ஸ்மிட்டர், வளையம் இரண்டு முனையிலும் இருந்தால் தாமதம் 40 மில்லி விநாடி அளவுக்கு இறங்கும். உதடும் குரலும் சேர்ந்துவிடும். ஒரு முனையில் இல்லையென்றாலும், அட்டைப்பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும், கமுக்கமாக எஸ்பிசிக்குப் போய்விடும். இணைத்த பிறகு டிரான்ஸ்மிட்டரில் எல்எல் விளக்கு எரிகிறதா பாருங்கள். இரண்டாவது ஹெட்போனைச் சேர்த்தால் சில மாடல்களில் அதுவும் அணையும். ஆப்டிக்கல் கேபிள் என்றால் டிவியின் ஆடியோ அவுட்புட் பிசிஎம்மில் (சுருக்காத சாதாரண ஒலி) இருக்கட்டும். டால்பியில் விட்டால் பல டிரான்ஸ்மிட்டர்கள் வாயே திறக்காது. டிவி மெனுவில் இருக்கும் ஆடியோ டிலே உதவாது. அதற்கு ஒலியை இன்னும் தள்ளிப்போடத்தான் தெரியும், முன்னால் இழுக்கத் தெரியாது.

40க்கு வந்தாலும் வம்பு தீரவில்லை. மற்றவர்களுக்காக டிவி ஸ்பீக்கரும் ஓடினால், 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு நேரடி ஒலி 9 மில்லி விநாடியில் வந்துவிடும். வளையத்து ஒலி அதற்கும் 30 பிந்தி வரும். இரண்டும் கலந்தால் பேச்சு மழுங்கும், இரட்டிப்பாகவும் கேட்கும். ஹியரிங் எய்டை எம்டி (மைக்கும் டெலிகாயிலும்) நிலையிலிருந்து டி-க்கு (டெலிகாயில் மட்டும்) மாற்றினால் மைக் அடங்கும். ஆனால் ஓபன் டோம் (காதுக்குள் போகும் துளையுள்ள ரப்பர் முனை) போட்டவருக்குத் தாழ்ந்த சுருதி ஒலிகள் இடைவெளி வழியாக நேரே நுழையும். மூடிய டோம் போட்டால் குறையும். அப்போது சொந்தக் குரலே பானைக்குள் பேசுவதுபோல் முழங்கும்.

இத்தனைக்கும், அறையைச் சுற்றிக் கம்பி இழுக்கும் பழைய அனலாக் இண்டக்‌ஷன் லூப்பில் இந்தத் தாமதத் தொல்லையே கிடையாது. இதே டெலிகாயில்தான் அதற்கும். 'புதுசு' என்று பெயர் வைத்துக் கால் விநாடியை விற்கிறார்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

தனியாக, ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பார்ப்பவரா? எல்எல் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள், இதைவிடத் தெளிவு கிடைப்பது கஷ்டம். நாலு பேர் கூடிப் பார்க்கும் ஹாலா? விலை பாதியானாலும் வேண்டாம்.