பெங்களூரில் சொகுசு ஹைப்ரிட் எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள் புக்கிங் பணம் கட்டும் முன் படிக்கவும்

ஹைப்ரிட் என்றால் பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த வண்டி. அப்படி ஒரு எஸ்யூவி வாங்கி அல்சூரில் ஒரு குடும்பம் அண்மையில் ஏமாந்த விவரம் இது. ஷோரூம் விலை 70 லட்சம், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலை 88 லட்சத்தைத் தாண்டியது. சில்க் போர்டு நெரிசலில் "பெட்ரோலே செலவாகாது மேடம், பேட்டரியிலேயே நகரும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். விற்றவர் தமிழில் பேசினார் என்பதில் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டால் லிட்டருக்கு 7.8 கிலோமீட்டர். கேட்டதற்கு "முதல் சர்வீஸ் முடிந்தால் சரியாகிவிடும்" என்று பதில். சரியாகாது. அது 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட்.

மைல்டு ஹைப்ரிட்டில் இருப்பது ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்த ஒரு சின்ன மோட்டார். பெரும்பாலும் 10 முதல் 17 கிலோவாட். இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், சிக்னலில் அணைத்து அலுங்காமல் கிளப்பும், அவ்வளவுதான். ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் (ஃபுல் ஹைப்ரிட் என்றும் சொல்வார்கள்) மோட்டாரே சக்கரத்தைச் சுழற்றும். லெக்ஸஸ் என்எக்ஸ் 350எச் மாதிரி வண்டிகளில் மோட்டார் நூறு கிலோவாட்டுக்கு மேல், பேட்டரி 200 வோல்ட்டுக்கு மேல். இரண்டையும் ஷோரூமில் ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். ஆர்சியில் 'பெட்ரோல்/ஹைப்ரிட்' என்று இருப்பதைக் காட்டினாலும் நம்ப வேண்டாம், மைல்டு ஹைப்ரிட்டும் அப்படிப் பதிவாவது உண்டு. ப்ரோஷரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மோட்டார் கிலோவாட், பேட்டரி வோல்ட் இரண்டையும் பாருங்கள்.

டெஸ்ட் டிரைவில் கண்டுபிடிப்பது சுலபம். ஆனால் முதல் ஐந்து நிமிடத்தில் முடிவு கட்டக் கூடாது. குளிர்ந்த இன்ஜின் சூடேறுவதற்காக ஸ்ட்ராங் ஹைப்ரிட்டிலும் ஓடும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, திரையில் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, சமதளமான தெருவில் நிறுத்துங்கள். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். ஏசியை 24-இல் வைத்து, ஆக்சிலரேட்டரை முட்டை மேல் கால் வைப்பதுபோல் தொட்டு நகர்த்துங்கள். இன்ஜின் சத்தமே இல்லாமல் 25, 30 வேகம் வரை போனால் ஸ்ட்ராங். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததுமே இன்ஜின் உயிர்பெற்று, அதற்குப் பிறகுதான் வண்டி நகர்கிறது என்றால் அநேகமாக மைல்டு. விற்பனையாளர் பக்கத்தில் பேசிக்கொண்டே இருப்பார், பாட்டும் போடுவார். இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்த பொய், வரிச்சலுகை. 2025 செப்டம்பர் 22-க்கு முன் பெரிய ஹைப்ரிட்டுக்கு ஜிஎஸ்டியும் செஸ் என்ற மேல்வரியும் சேர்ந்து 43 சதவீதம், பெரிய பெட்ரோல் எஸ்யூவிக்கு 50. இப்போது இரண்டுக்கும் 40 தான். "ஹைப்ரிட்டுக்கு ரோடு டாக்ஸ் இல்லை" என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்தி உத்தரப் பிரதேசம் 2024-இல் தந்த சலுகையைப் பற்றியது. கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 18 சதவீதம், அந்த வரியின் மேல் 11 சதவீத செஸ். 70 லட்சத்துக்கு 13,98,600 ரூபாய் வருகிறது.

சரி, உண்மையான ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்காவது அந்த விலை தகுமா? வருடம் 12,000 கிலோமீட்டர், நகருக்குள் லிட்டருக்குப் பெட்ரோல் எஸ்யூவி 8 கிலோமீட்டர் தருகிறது, ஹைப்ரிட் 14 தருகிறது என்று வைப்போம். மிச்சம் சுமார் 640 லிட்டர், லிட்டர் 103 என்றால் 66,000 ரூபாய். ஹைப்ரிட்டுக்கு 8 லட்சம் கூடுதல் என்றால், அந்தக் கூடுதலுக்கும் ரோடு டாக்ஸ் உண்டு, ஆக 9.6 லட்சம். போட்ட பணம் திரும்ப பதினான்கு வருடத்துக்கு மேல் ஆகும். வாராவாரம் ஓசூர் தாண்டி சேலம் போகிறவர்களுக்கு இன்னும் மோசம், சீரான நெடுஞ்சாலை வேகத்தில் பிரேக் போடும்போது மோட்டார் பேட்டரிக்குத் திருப்பித் தரும் மின்சாரம் சொற்பம். தினமும் இரண்டு மணி நேரம் நெரிசலில் உட்கார்பவர்கள் அந்த அமைதிக்காக வாங்கலாம். அது நியாயமான காரணம். பெட்ரோல் மிச்சம் மட்டும்தான் நோக்கம் என்றால் இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட் போதும்.

அல்சூர் குடும்பத்தின் கொட்டேஷனில் 'ஹேண்ட்லிங்' 18,500, 'எசென்ஷியல் கிட்' 45,000, 'ஹைப்ரிட் கேர் பேக்' 65,000 என்று மூன்று வரிகள். ஹேண்ட்லிங் என்ற பெயரில் எதுவும் தர வேண்டியதில்லை. கேர் பேக்கில் பட்டியலிட்டிருந்ததில் பெரும்பகுதி கம்பெனி வாரண்டி புத்தகத்திலேயே இலவசமாக இருந்தது. இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் வரி 1 சதவீதம் மட்டும் உண்மையான பிடித்தம். வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா பார்த்து வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

பழைய ஹைப்ரிட் பார்க்கிறவர்கள் பின்சீட்டை ஒட்டி காற்று நுழையும் சல்லடைத் திறப்பை முதலில் பாருங்கள். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி அங்கிருந்துதான் காற்று இழுக்கும். நாய் முடியும் தூசியும் அடைத்தால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெல்லந்தூர், எமலூர் பக்கம் முங்கிய வண்டிகளை மறக்க வேண்டாம். சீட் தண்டவாளத்தில் துரு, கார்பெட்டுக்கு அடியில் வண்டல், உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு கேபிள் இணைப்புகளில் பச்சைக் களிம்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். ஆரஞ்சு கேபிளைக் கையால் தொடவே கூடாது, டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்புங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார். செலுத்திய தொகை 50 லட்சத்துக்கு மேல், 2 கோடிக்குள் என்றால் மாவட்ட ஆணையம் எடுக்காது, நேராக மாநில நுகர்வோர் ஆணையம்தான். கெடு இரண்டு வருடம். வாய்ப்பேச்சை நிரூபிப்பது கஷ்டம் என்பதால், வாங்கும் முன்பே "இது 48 வோல்ட்டா, ஸ்ட்ராங் ஹைப்ரிட்டா?" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டுவிடுங்கள். அல்சூர் குடும்பத்திடம் இப்போது எழுத்தில் இருக்கும் ஒரே ஆதாரம், புக்கிங்குக்கு முந்தின நாள் அந்த விற்பனையாளர் அனுப்பிய இரண்டு சொல்: "ஃபுல் ஹைப்ரிட்".