டார்ச் அடித்துப் பார்த்த ஏ.ஆர்.எஃப். டிரெய்னர்

முக்கால்வாசி கட்டி முடித்தே பெட்டியில் வரும் ரேடியோ கண்ட்ரோல் மாடல் விமானம்தான் ஏ.ஆர்.எஃப். (Almost Ready to Fly). பெட்டியைத் திறந்ததும் எந்த ஏ.ஆர்.எஃப். விமானமும் அழகாகத்தான் இருக்கும். மேலே போர்த்திய சிவப்பு வெள்ளை பிளாஸ்டிக் ஃபிலிம், கோணல் இல்லாத ஸ்டிக்கர். அதையெல்லாம் நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதல் வேலை, இறக்கை உட்காரும் திறப்பு வழியாக உடம்புக்குள் டார்ச் அடிப்பது.

இந்த முறை வந்தது 46 அளவு (0.46 கன அங்குலம்) கிளோ எஞ்சினுக்கான, அதாவது மெத்தனால் எரிபொருளில் ஓடும் குட்டி எஞ்சினுக்கான, மேல் இறக்கை டிரெய்னர்; ஓட்டக் கற்பவர்களுக்கான விமானம். இறக்கையின் மொத்த நீளம் 160 செ.மீ. பால்சா என்ற லேசான மரமும் லைட் பிளை என்ற எடை குறைந்த பிளைவுட்டும் கலந்த கட்டுமானம். கம்பெனி பெயர் வேண்டாம். ஏ.ஆர்.எஃப்.பில் பெட்டிக்குப் பெட்டி தரம் மாறும், உங்களுக்கு வருவது நன்றாகவே இருக்கலாம்.

மூக்கில் எஞ்சினைப் பொருத்தும் பலகைதான் ஃபயர்வால். அதன் இடது ஓரத்தில் பசை வழிந்து உறைந்திருந்தது. வலது ஓரத்தில் வெறும் கோடு, பசையே தெரியவில்லை. எஞ்சினின் இழுப்பும் அதிர்வும் மொத்தமாக இறங்குவது இந்த ஒரு பலகையில்தான். லேசரில் வெட்டிய பிளைவுட்டின் விளிம்பு கருகியிருக்கும், கருகிய மரத்தில் பசை சரியாக ஊறாது. அந்தக் கருக்கை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஒட்டத் தொழிற்சாலையில் யாருக்கு நேரம்? 30 நிமிட எபாக்ஸி விட்டு, உள்மூலைகளில் முக்கோண பால்சா குச்சி வைத்தேன். ஃபயர்வாலின் முகத்துக்கும் டேங்க் அறைக்கும் எபாக்ஸியை மெல்லிசாக ஒரு பூச்சு. எரிபொருளில் இருக்கும் எண்ணெய் மரத்தில் ஏறிவிட்டால் அப்புறம் எந்தப் பசையும் பிடிக்காது.

லேண்டிங் கியர் கட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினால் ‘கிரீச்’ என்றது. புல் தரையில் கொஞ்சம் கடினமாக இறங்கினால் அடிவயிற்றையே பெயர்த்துக்கொண்டு போயிருக்கும். அதற்கும் எபாக்ஸி. இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஐலரான்களுக்குத் தொழிற்சாலையிலேயே ஒட்டி வந்த ஹிஞ்சுகளை (கீல்களை) ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்ததில் ஒன்று கையோடு வந்துவிட்டது. வானத்தில் வராமல் மேசையில் வந்ததே, சந்தோஷம். தண்ணீர் போன்ற சி.ஏ. பசையை (சூப்பர் குளூ வகை) இரண்டு பக்கமும் சில சொட்டு விட்டால் தீர்ந்தது.

இறக்கையைக் குறை சொல்லவே முடியாது. கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன், இரண்டு பாதியிலும் துளி முறுக்கு இல்லை. இறக்கைக்கு வடிவம் தரும் உள் விலா எலும்புகளான ரிப்புகள் நேர்வரிசை. இணைப்பு அலுமினியக் குழாய் உறைக்குள் ஆட்டமில்லாமல் இறுக்கமாகப் போகிறது. வால் இறக்கையின் நுனியிலிருந்து முதன்மை இறக்கையின் நுனிக்கு நூல் பிடித்தேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு. இதே கம்பெனியில் இறக்கை கட்டுபவரும் உடம்பு ஒட்டுபவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லையோ என்னவோ.

மதிய வெயிலில் காருக்குள் இருந்ததில் ஃபிலிம் தளர்ந்து சுருக்கம் விழுந்தது. எந்த ஃபிலிமும் அப்படித்தான், அயர்ன் வைத்தால் சரியாகிவிடும், அதற்கு மார்க் குறைக்க மாட்டேன். கண்ட்ரோல் கம்பிகளின் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் கிளெவிஸ்களைத் தூக்கிப் போட்டு உலோகத்தில் மாற்றினேன்.

மைதானத்தில் கூட நிற்க அனுபவசாலி ஒருவர் இருந்தால் வாங்கலாம், ஐந்துக்கு மூன்று. மானுவலை மட்டும் நம்பித் தனியாகக் கட்டப்போகிறவருக்கு வேண்டாம். ஸ்டிக்கர் ஒட்ட இரண்டு பக்கம் ஒதுக்கிய அந்த மானுவலில் ஃபயர்வாலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை.