சீமை அத்தி: தரையிலா, ட்ரம்மிலா?

எங்கள் வீடு ஈஞ்சம்பாக்கம் பக்கம், மணல் மண். ஐந்து வருடத்துக்கு முன் பூனா அத்தி என்ற சீமை அத்தி ரகத்தில் இரண்டு பதியன்கள் (கிளையில் வேர்விட வைத்துப் பிரித்த கன்றுகள்) வாங்கினேன். ஒன்றைத் தோட்டத்தில் நட்டேன். மற்றதை, 200 லிட்டர் ட்ரம்மைக் குறுக்கே அறுத்து அந்தப் பாதியில் மாடியில் வைத்தேன். இன்று யார் கேட்டாலும் ட்ரம்மைத்தான் சொல்வேன்.

தரையில் தண்ணீர் வேலை குறைவு, மரமும் பெரிதாகும். ட்ரம் செடிக்குச் சித்திரை வெயிலில் காலையும் மாலையும் ஊற்ற வேண்டும். ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

என் மனதை மாற்றியது வேர். தரையில் இருந்த செடி முதல் வருடம் நன்றாக வந்தது. அடுத்த வருடம் இலை சிறுத்தது, மண் ஈரமாக இருந்தும் மதியம் வாடியது, பிஞ்சு உதிர்ந்தது. சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் மண்ணை விலக்கிப் பார்த்தால், வேர் முழுக்க மணிமணியாக முடிச்சு. நூற்புழு! மண்ணில் இருந்து வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத சின்னப் புழு. தக்காளி, கத்தரி, வெண்டை என்று பல வருடம் போட்ட பாத்தி அது. இந்தப் பயிர்களில் நூற்புழு பெருகும், மணல் மண் அதற்குத் தோது. வேப்பம் புண்ணாக்கு போட்டேன், சுற்றிலும் துலுக்கசாமந்தி நட்டேன். கொஞ்சம் அடங்கியதே தவிரப் போகவில்லை. மூன்றாம் வருடம் மரத்தை எடுத்துவிட்டேன்.

ட்ரம்மில் மண் நம் கையில் இருக்கிறது. வெளியிலிருந்து வாங்கிய செம்மண், மக்கிய தொழு உரம், வேப்பம் புண்ணாக்கு, அவ்வளவுதான். தோட்டத்து மண் ஒரு பிடிகூடச் சேர்க்கவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தை மாதம் கவாத்து செய்யும்போதே, அதாவது கிளைகளை வெட்டிவிடும்போதே, ட்ரம்மைச் சாய்த்துச் செடியை எடுத்து, ஓரத்து வேரில் கால் பங்கை வெட்டிவிட்டுப் புது மண் போடுவேன். இரண்டு பேருக்கு அரை நாள் வேலை. ஆனால் வேரைக் கண்ணால் பார்த்துவிடலாம். புதுக் கிளையில்தான் காய் வரும் என்பதால் கவாத்துக்குப் பயப்பட வேண்டாம். வெட்டும்போது வடியும் பால் அரிக்கும், அதனால் கையுறை அவசியம். அப்புறம், ஈர மண்ணோடு ட்ரம் நூறு கிலோவைத் தாண்டும். பீமுக்கு மேலே வையுங்கள்.

காய்கறி போடாத செம்மண் தோட்டம் இருப்பவர்களுக்குத் தரையே சரியாக வரலாம். அப்படிப்பட்ட மண்ணில் நான் வளர்த்ததில்லை. எங்கே நட்டாலும், வாங்கும்போதே பதியனின் பையைப் பிரித்து வேரைப் பாருங்கள். முடிச்சு தெரிந்தால் அந்தச் செடியை வாங்காதீர்கள்.